முடிவுத் தேதி

இரண்டு மணிக்கு அவர் கண்ணயர்ந்தால் மூன்றரை வரைக்கும் இந்த வீடு என்னுடையது. பேருக்குத்தான். நாற்காலியை இழுக்கக் கூடாது, பாத்திரம் தேய்க்கக் கூடாது, குக்கர் விசில் கேட்டால் எழுந்து உட்கார்ந்து, ஷிப்ட் முடிஞ்சிருச்சா என்பார். அதனால் சாப்பிட்ட தட்டுகள் தொட்டியில் காய்ந்துகொண்டிருக்க, நான் ஹாலில் சுவரில் முதுகைச் சாய்த்து, வாசல் கதவு கண்ணில் படுகிற மாதிரி தரையில் உட்கார்ந்துகொள்வேன். கதவின் உச்சியில் நேற்றுத்தான் ஒரு தாழ்ப்பாள் அடித்தது. அவர் கைக்கு எட்டும், ஆனால் அண்ணாந்து பார்க்கத் தோன்றாது என்று டாக்டர் சொன்னார். முப்பத்தோரு வருஷம் மோட்டார் பம்ப்பைக் கழற்றி மாட்டிய மனுஷனுக்கு ஒரு தாழ்ப்பாளை அண்ணாந்து பார்க்கத் தோன்றாது. போனை எடுத்துக் குடியிருப்பு ஆப்பில் கேலண்டரைத் திறந்தேன். தினமும் இந்த நேரத்துக்கு இதுதான் என் வேலை. சரவணம்பட்டியில் இந்தக் குடியிருப்புக்கு வந்து ஆறு வருஷமாகிறது, நூற்றி நாற்பது வீடு, எந்த வீட்டில் என்ன விசேஷம், எந்த வகுப்பு எத்தனை மணிக்கு, எல்லாம் அதில் கட்டம் கட்டமாக இருக்கும். செவ்வாய், வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜும்பா டான்ஸ். சனிக்கிழமை காலை வீணை வகுப்பு. மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கொசு மருந்துப் புகை. எல்லோரும் எதற்குப் போகலாம் என்று பார்ப்பார்கள், எனக்கு வேண்டியது ஒன்றும் எழுதாத வெள்ளைக் கட்டம். ஜும்பாப் பாட்டு அவருக்கு ஆகாது, காதைப் பொத்திக்கொண்டு தரையில் குந்திவிடுவார். கொசுப் புகையைக் கண்டால், மோட்டார் காயில் எரியுது, மெயினை ஆஃப் பண்ணு என்று பால்கனிக்கு ஓடுவார். பிறந்த நாள் என்றால் பலூன் வெடிக்கும். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, ஐந்திலிருந்து ஐந்தரை வரைக்கும் ஒரு அரை மணி நேரத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பள்ளிக்கூட வேன் நாலரைக்கே வந்துபோயிருக்கும், பிள்ளைகள் ஆறு மணிக்குத்தான் விளையாட இறங்கும், நடுவில் லிஃப்ட் காலி, தோட்டம் காலி. பதினான்கு மாசமாக அந்த அரை மணியில்தான் அவரை வெளியே கூட்டிப்போய் வருகிறேன். கையைப் பிடித்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரியும் என்று, என் முந்தானை நுனியையும் அவர் சட்டைக் கையையும் சேர்த்து விரலில் சுருட்டிக்கொண்டு.

இன்றைக்குக் கேலண்டரில் புதிதாக ஒரு கட்டம். ஞாயிறு பதினொரு மணி, நிர்வாகக் குழுக் கூட்டம், பொருள்: பம்ப் ரூம் சம்பவம். சிவப்புக் கலரில் போட்டிருந்தார்கள். தொட்டால் விவரம் விரியும். தொடவில்லை. விரல் அதன் மேலேயே நின்றது. பம்ப் ரூம் சம்பவம் என்றால் எங்கள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. முந்தாநாள் புதன்கிழமை காலையில் நான் குளிக்கப் போனேன், தலைக்கு ஊற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். வெளியே வந்தால் கதவு திறந்து கிடக்கிறது, சட்டை இல்லாமல் பனியனோடு கீழே போயிருக்கிறார். பம்ப் ரூமுக்குள் நுழைந்து மோட்டாரை நிறுத்தி, வால்வை முழுக்க மூடி, உள்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, பேரிங் சத்தம் சரியில்லை, யாரும் ஆன் பண்ணக் கூடாது என்று கதவைத் தட்டினவர்களையெல்லாம் அதட்டியிருக்கிறார். இரண்டு பிளாக்குக்கு நாலு மணி நேரம் தண்ணீர் இல்லை. ஷாக் அடித்திருந்தால் என்ற நினைப்பு அப்போது வரவில்லை, அப்புறம் பாலைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது வந்தது, அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன், பால் ஏடு கட்டுகிறவரைக்கும் நின்றேன். அன்று மதியமே செயலாளர் ஜெபசிங் சார் வந்தார். தலைமையாசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர், செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார். சாருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். நான் பதினான்கு மாசமாக எல்லோருக்கும் சொல்கிற அதே பதிலைச் சொன்னேன், காது சரியாகக் கேட்காதுங்க, கூப்பிட்டா திரும்ப மாட்டாருங்க. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, குரூப்பில் வேறு மாதிரி பேசிக்கறாங்கம்மா என்றார். வேறு மாதிரி என்றால் காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று. யாரோ எழுதி, அதற்குப் பதினேழு பேர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். எண்ணினேன். எண்ணாமல் இருந்திருக்கலாம்.

குடியா. கம்பெனியில் ஆயுத பூஜைக்கு மறுநாள் வாயில் வாசனையோடு ஷிப்டுக்கு வந்தவனைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பின மனுஷன். கணபதி பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் அசெம்பிளி சூப்பர்வைசர், நூற்றிப் பத்து பேர் அவருக்குக் கீழே, கம்பெனி பஸ் ஆறு பத்துக்கு வரும் என்றால் ஆறு மணிக்கே ஸ்டாப்பில் நிற்பார். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில் ஷூவெல்லாம் போட்டுக்கொண்டு குடியிருப்புக் கேட்டில் போய் நின்று, பஸ் இன்னும் வரல்லே, சாந்தா என்று என்னைப் பார்த்துச் சொன்னாரே, அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட விளையாட்டுப் பேச்சுப் பேசாத மனுஷன் விளையாடுகிறார் என்று நான் எப்படி நினைத்தேன். டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மறதி நோய் என்றார், வயசு அறுபத்திரண்டுதான் ஆகிறது என்று அவரே ஒருமுறை தலையை ஆட்டிக்கொண்டார். மகள் சிந்துஜா புனேயில் இருக்கிறாள், இப்போது ஏழு மாசம். அவள் மாமியார் இந்த மாதிரி நோயெல்லாம் ரத்தத்தில் வரும் என்று நம்புகிறவர். அந்த அம்மாளின் சித்தி மகள் இதே குடியிருப்பில் டி பிளாக்கில் இருக்கிறாள். எனக்கு ஒரு குழந்தை பிறக்கற வரைக்கும் யாருக்கும் சொல்லாதீங்கம்மா என்று சிந்துஜா அப்போதே, உண்டாவதற்கு முன்னாலேயே, கேட்டுக்கொண்டாள், நானும் சரி என்றேன். காது என்ற பொய் அப்படித்தான் வந்தது. சொல்லச் சொல்ல அதுவும் பழகிவிட்டது, இப்போது நானே சில நேரம் அவர் காதுக்குப் பக்கத்தில் போய் உரக்கப் பேசுகிறேன், அவர் மிரண்டு என்னைப் பார்க்கிறார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அந்த பேரிங்கில் நிஜமாகவே சத்தம் இருந்தது என்று பிளம்பர் நேற்று வந்து சொல்லிவிட்டுப் போனான். தாழ்ப்பாள் அடித்ததும் அவன்தான். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவனிடமும் கேட்டுக்கொண்டேன், எதைச் சொல்ல வேண்டாம் என்று அவனுக்குப் புரிந்ததோ என்னவோ.

கேலண்டருக்குக் கீழே மூலையில் ஒரு கூட்டல் குறி இருக்கும். நிகழ்வைச் சேர் என்று பக்கத்தில் எழுதியிருக்கும். ஆறு வருஷத்தில் நான் அதைத் தொட்டதே இல்லை. எங்கள் வீட்டில் கூப்பிடும்படி என்ன நடந்தது. தொட்டேன். முதல் கட்டம், நிகழ்வின் பெயர். என்ன பெயர். நடை என்று அடித்தேன். வெறும் நடை என்றால் யாருடைய நடை. அழித்தேன். நாச்சிமுத்து அவர்களின் மாலை நடை என்று அடித்துப் பார்த்தால் கருமாதிப் பத்திரிகை மாதிரி இருந்தது, அவர்களின் என்பதை எடுத்தேன், எடுத்ததும் மரியாதை இல்லாத மாதிரி பட்டது, திரும்பப் போட்டேன். உள்ளே கட்டில் முனகியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். புரண்டு படுத்தார், அவ்வளவுதான். அடுத்தது வகை. பிறந்த நாள், திருமணம், வகுப்பு, பூஜை, விளையாட்டு, பராமரிப்பு, மற்றவை. பராமரிப்பைத் தொட்டால் அடைப்புக்குள் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், ஜெனரேட்டர் என்று காட்டுகிறது. நானும் அதைத்தானே செய்கிறேன் என்று தோன்றியது. குளிப்பாட்டி, சவரம் செய்துவிட்டு, சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போடாமல் பார்த்துக்கொண்டு, சோற்றை அவருக்கு முன்னால் நான் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டி. மற்றவை என்று வைத்தேன். நேரம், ஐந்து முதல் ஐந்தரை. இடம், தோட்டம். மீண்டும் வருமா என்று கேட்டது. தினமும். அதைத் தொட்டதும் இன்னொரு கட்டம் திறந்தது. முடிவுத் தேதி.

அதில் நின்றுவிட்டேன். காலியாக விட்டுக் கீழே போனால், இந்தக் கட்டத்தை நிரப்பவும் என்று சிவப்பாக வருகிறது. எந்தத் தேதியை நிரப்புவது. தினமும் ஐந்து மணிக்கு அவர் நடக்கிற நடை எந்தத் தேதியோடு முடியும் என்று என்னிடம் கேட்டால். டாக்டரிடம் நான் கேட்டேன், ஆளுக்கு ஆள் மாறும், ஆறு வருஷம், எட்டு வருஷம், நடை முதலில் போகும், பிறகு பேச்சு, விழுங்குவது கடைசி என்று பேப்பரில் கோடு போட்டுக் காட்டினார். அந்தப் பேப்பரை எங்கே வைத்தேன். தேதிக் கட்டத்தை விரலால் தள்ளினேன், மாசம் உருண்டது, வருஷம் உருண்டது, கை வழுக்கிக் கடகடவென்று பதினைந்து வருஷம் தாண்டிப் போய் நின்றது. அப்போது எனக்கு எழுபத்திரண்டு. திரும்பப் பின்னால் தள்ளினேன், அடுத்த வருஷம் ஜனவரி வந்தது, அங்கே நிறுத்தினால் ஜனவரியோடு அவர் நடக்கக் கூடாது என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி. கையை எடுத்தேன். போன மாசம் ஒருநாள் குளிக்க மாட்டேன் என்று பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், இழுத்தேன், என் கையைக் கடித்தார், அப்போது வாய்விட்டுச் சொன்னேன், போய்ச் சேர்ந்தாத் தேவல. அவர் போய்ச் சேர்வதைச் சொன்னேனா என்னையே சொல்லிக்கொண்டேனா, அன்றைக்கும் தெரியவில்லை. சொன்ன அடுத்த நிமிஷம் அவர் கடித்த இடத்தைத் தடவி, யாரு கடிச்சது சாந்தா, நாயா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். டெட்டால் எடுத்துவந்து அவரே போட்டுவிட்டார். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் போடுவது. யோசித்து யோசித்துக் கடைசியில் இந்த மாசக் கடைசித் தேதியை வைத்தேன். பால் கார்டுபோல மாசா மாசம் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் யோசிக்க என் தலையில் இடமில்லை.

அந்த நேரம் பார்த்து சிந்துஜா கூப்பிட்டாள். போன் கையிலேயே இருந்ததால் சத்தம் வருவதற்குள் எடுத்துவிட்டேன், எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு கிசுகிசுவென்று பேசினேன். அவளுக்குக் கால் வீங்கியிருக்கிறதாம், உப்பைக் குறைக்கச் சொன்னார்களாம். அப்பா எப்படி இருக்கார் என்றாள். தூங்கறார் என்றேன். பிறகு அதையே சொல்லிவிட்டேன், கேலண்டரில் போடப் போகிறேன், எல்லோருக்கும் தெரியும்படி, நோயின் பேரோடு. ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் புனேயிலிருந்து கேட்டது.

"இன்னும் ரெண்டே மாசம்மா. பொறுத்துக்க முடியாதா?"

"முடியல கண்ணு" என்றேன்.

அவள் அழுதிருந்தால்கூட நான் அழித்திருப்பேன். அழவில்லை. சரி, உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்த இஷ்டம் என்ற வார்த்தை நெஞ்சில் முள் மாதிரி நின்றது. எனக்கு எதில் இஷ்டம் என்று நினைத்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. காப்பியா டீயா என்று கேட்டால்கூட அவருக்கு எது இறங்குமோ அதுதான் எனக்கும். தொட்டியில் காய்ந்த தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். டி பிளாக்காரி படிப்பாள், படித்த கையோடு புனேவுக்குப் போன் போகும், அங்கே மாமியார் சாப்பாட்டு மேஜையில் ஏதாவது சொல்வாள், வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குக்கூடக் கேட்கும் என்பார்களே. இந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பத்துப் பேர் உட்கார்ந்து குடிகாரன் என்று முடிவு கட்டுவார்கள், அவரும் எதிர்த்துப் பேச மாட்டார், கூப்பிட்டால் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போய் மீட்டிங்கில் உட்காருவார். அதை நினைத்தபோதுதான், அவர் சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது கண்ணில் வந்தபோதுதான், திரும்பி ஹாலுக்கு வந்து உட்கார்ந்தேன்.

விவரம் என்ற பெரிய கட்டம் மட்டும் மீதி. மூன்று தடவை எழுதி அழித்தேன். முதல் தடவை மன்னிப்பு மன்னிப்பாகவே வந்தது. இரண்டாம் தடவை அவர் வாங்கின சர்டிபிகேட்டையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்கு மறதி நோய். காது நன்றாகக் கேட்கும், நான் சொன்னது பொய். குடிப்பழக்கம் என்றைக்கும் கிடையாது. தினமும் ஐந்து மணிக்குத் தோட்டத்தில் நடப்பார். கம்பெனி பஸ் வந்துவிட்டதா என்று உங்களிடம் கேட்டால், இன்றைக்கு லீவு என்று சொல்லுங்கள், பஸ்ஸே இல்லையென்று சொன்னால் பயந்துவிடுவார். பம்ப் ரூமைப் பூட்டி வையுங்கள். சாந்தாமணி, பி 302. யாருக்குத் தெரிய வேண்டும் என்று கடைசியாகக் கேட்டது. அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும், எல்லோருக்கும். எல்லோருக்கும் என்பதைத் தொட்டு, சேர் என்பதையும் அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. செயலாளரின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது என்று ஒரு வரி வந்தது. இப்போதுகூட எடுத்துவிடலாம், ரத்து செய் என்று பக்கத்திலேயே இருக்கிறது. பத்து நிமிஷம் இருக்கும், அந்த வரி மறைந்து, இன்றைக்கும் நாளைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வரிசையாக அந்த வெள்ளைக் கட்டங்களிலெல்லாம் அவர் பெயர் வந்து உட்கார்ந்தது. நான் ஒளித்து வைத்திருந்த அரை மணி. ஜெபசிங் சார் ஒரு வரி அனுப்பியிருந்தார்: ஞாயிறு கூட்டத்தை எடுத்துவிட்டேனம்மா. பார்த்தால் அந்தச் சிவப்புக் கட்டம் இல்லை. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். காய்ச்சல் விட்ட மாதிரி உடம்பெல்லாம் வலித்தது.

மூன்றரைக்கு எழுந்தார். முகம் கழுவிவிட்டு, டீயை ஆற்றிக் கொடுத்து, பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்து, நடுவில் போனைப் பார்த்தேன், நிகழ்வுக்குக் கீழே ‘வருகிறேன்: ஒருவர்’ என்று இருந்தது. யார் என்று போடவில்லை. டி பிளாக்காரியாக இருக்கும் என்று நினைத்தேன், நேரில் பார்த்துவிட்டுச் சொன்னால்தானே சுவாரசியம். போகாமல் இருந்துவிடலாமா. தினமும் என்று நானே போட்டுவிட்டு முதல் நாளே போகாமல் இருப்பதா. அவருக்கு மணி பார்க்கத் தெரியாமல் போய் எட்டு மாசமாகிறது, ஆனால் ஐந்து மணியானால் கால் தன்னால் வாசலுக்குப் போகும். தாழ்ப்பாளைத் திறந்தேன். லிஃப்டில் அவர் கண்ணாடியைப் பார்த்து வணக்கம் வைத்தார். முந்தானையையும் சட்டைக் கையையும் வழக்கம்போலச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். கீழே கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் எழுந்து நின்றார். பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று முதுகில் தெரிந்தது. தோட்டத்து சிமென்ட் பெஞ்சிலிருந்து, நைட்டிக்கு மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு, காலில் ஆம்பளை மாதிரி பெரிய ஷூ போட்ட ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பது வயசிருக்கும். லிஃப்டில் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. கேலண்டர்ல வர்றேன்னு அமுத்துனது நான்தானுங்க அக்கா என்றாள். பேர் ஃபர்ஸானா, சி பிளாக். சுகர் முன்னூறுக்கு மேல் போய்விட்டதாம், டாக்டர் தினமும் நடக்கச் சொல்லித் திட்டினாராம், தனியாக நடந்தால் நாலு சுற்றில் சலித்துப்போகிறதாம், சார் எப்படியும் நடக்கிறாரே, அவரோடு சேர்ந்து நடந்தால் தனக்கும் ஆச்சு என்றாள். நோயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குள் அவர் அவளைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, கம்பெனி பஸ் போயிருச்சா?"

"இன்னைக்கு லீவுங்க சார்."

அவர் நெற்றி சுருங்கியது. அந்தச் சுருக்கம் எனக்குத் தெரியும், நூற்றிப் பத்து பேருக்கும் தெரியும். லீவுன்னு யாரு சொன்னது, போர்டுல போட்டிருக்கா என்று அதட்டினார். அதற்குப் பதில் நான் எழுதவில்லை. அவள் கொஞ்சமும் பதறாமல், போட்டிருக்குங்க சார், படிச்சுட்டுத்தான் வர்றேன் என்றாள். போர்டில் போட்டிருந்தால் சரி. அவர் தலையை ஆட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தார், அவளும் கூடவே நடந்தாள், என் விரலிலிருந்து சட்டைக் கை உருவிக்கொண்டு போனது. நீங்க உக்காருங்க அக்கா என்று திரும்பாமலே சொன்னாள். உட்கார்ந்தேன். கை சும்மா இருந்தது, மடியில் வைத்தேன், எடுத்தேன், வேப்ப மரத்திலிருந்து ஒரு பூ பெஞ்சில் விழுந்திருந்தது, அதை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஏ பிளாக்கைச் சுற்றி மறைந்தபோது பாதி எழுந்துவிட்டேன், மறுபக்கம் பேச்சுக் குரல் கேட்டது, உட்கார்ந்தேன். அவர்தான் பேசிக்கொண்டிருந்தார், பம்ப், இம்பெல்லர் என்று ஏதோ காதில் விழுந்தது, அவள் உம் கொட்டிக்கொண்டு வந்தாள். இரண்டாவது சுற்றில் பெஞ்சுக்கு நேரே வந்ததும் நின்றார். என்னைப் பார்த்தார். அதுவரைக்கும் எல்லாம் மறந்தும் என்னை மறந்ததில்லை. புதுசாக வேலைக்குச் சேர்ந்தவளைப் பார்க்கிற மாதிரி, அன்பாகத்தான், தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஃபர்ஸானா வாயைத் திறந்தாள், நான் கையைக் காட்டி வேண்டாம் என்றேன்.

"ஏனுங்கம்மா, ரொம்ப நேரமா உக்காந்திருக்கீங்க. இன்னைக்கு லீவு, உங்களுக்கு யாரும் சொல்லலியா? வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

"சரிங்க சார்" என்றேன்.